போட்டியாளர்கள் ஏற்ற பொதுமொழி: மிடி நெறிமுறை உருவான வரலாறு

1970களின் இறுதிவரை, வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து வாசிப்பதற்குப் பொதுவான வழி எதுவும் இருக்கவில்லை. மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கருவிகளான சிந்தசைசர்கள், எந்தச் சுரம் வேண்டும் என்பதை மின்னழுத்தத்தின் அளவைக் கொண்டே அறிந்தன. மூக் போன்ற அமெரிக்கக் கருவிகளில் ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். கோர்க், யமஹா ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் பல கருவிகளிலோ மின்னழுத்தம் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் உயர வேண்டும் என்பதால், ஒன்றின் கட்டளை மற்றொன்றில் தவறான சுரமாகவே ஒலித்தது. 1978இல் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் வெளியிட்ட புராஃபெட்-5 போன்ற நுண்செயலி பொருத்திய கருவிகள் பரவியபின், மின்னழுத்தத்துக்குப் பதிலாக எண்களை அனுப்புவது இயலக்கூடியதாயிற்று. ஆயினும் ரோலண்ட், ஓபர்ஹைம் முதலிய நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனி இணைப்பு முறைகளை வகுத்துக்கொண்டதால், பழைய சிக்கல் புதிய வடிவில் தொடர்ந்தது.

இதற்குத் தீர்வு காணும் முயற்சியை 1981இல் தொடங்கிவைத்தவர் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இகுதாரோ ககேஹாஷி. அவர் பொதுவான இணைப்பு முறை ஒன்றின் தேவையை டாம் ஓபர்ஹைமிடம் எடுத்துரைக்க, ஓபர்ஹைம் அதைச் சீக்வென்ஷியல் நிறுவனர் டேவ் ஸ்மித்திடம் கொண்டுசென்றார். ஸ்மித்தும் அவருடன் பணியாற்றிய செட் உட்டும் இணைந்து எழுதிய முன்வரைவு, அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் நடந்த ஒலிப் பொறியியல் கழக மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. இன்னும் விரைவான, விரிவான முறையே வேண்டும் என்று சிலர் கருதினர். ஆனால் செலவு குறைந்தாலன்றி எல்லாரும் ஏற்கமாட்டார்கள் என்பதை உணர்ந்த சீக்வென்ஷியலும், ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய் ஆகிய நான்கு ஜப்பானிய நிறுவனங்களும் அம்முன்வரைவைத் திருத்திச் செம்மைப்படுத்தின. அவ்வாறு உருவானதே இசைக்கருவிகளுக்கான எண்ணியல் இடைமுகமாகிய மிடி.

மிடி ஒலியைக் கடத்துவதில்லை. பாடகரின் குரலை அனுப்பாமல் சுரக்குறிப்பை மட்டும் அனுப்புவதைப் போல, எதை எப்படி வாசிக்க வேண்டும் என்ற கட்டளையையே அது கடத்துகிறது. விசைப்பலகையில் நடு ஸ்தாயியின் 'சி' விசையை ஒருவர் அழுத்தும்போது 144, 60, 100 என்ற மூன்று எண்கள் கேபிளில் செல்வதாகக் கொள்வோம். 144 என்பது முதல் தடத்தில் சுரத்தைத் தொடங்குமாறு கூறும் கட்டளை. 60 சுரத்தின் எண். 100 விசை அழுத்தப்பட்ட வேகம். கட்டளை எண்கள் 128இலிருந்தும், விவரங்களைக் குறிக்கும் எண்கள் 0 முதல் 127 வரையிலும் அமைவதால், பெறும் கருவி இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஒரு கேபிளில் 16 தடங்கள் அடங்குவதால், ஒவ்வொரு கருவியும் தனக்குரிய தடத்தின் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ள முடிகிறது.

சிக்கனமே இவ்வமைப்பு முழுவதற்கும் அடிப்படை. நொடிக்கு 31,250 பிட் என்ற வேகம், ஒரு மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 32ஆல் வகுத்து எளிதில் பெறத்தக்கது. அவ்வேகத்தில் மூன்று எண்களைக் கொண்ட ஒரு செய்தி ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் போய்ச் சேர்ந்துவிடும். மலிவாகக் கிடைத்த ஐந்து முனை இணைப்பானில் மூன்று முனைகள் மட்டுமே பயன்பட்டன. பெறும் கருவியின் உள்ளே செய்தி ஒளியாக மாறி ஒரு சிறு இடைவெளியைக் கடப்பதால், இரு கருவிகளுக்குமிடையே நேரடி மின்தொடர்பு ஏற்படாமல், ஒலிபெருக்கியில் இரைச்சல் எழுவது தவிர்க்கப்பட்டது.

1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியலின் புராஃபெட்-600உம் ரோலண்டின் ஜூபிட்டர்-6உம் கேபிளால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நெறிமுறையின் முதல் பதிப்பு வெளியாயிற்று. அதைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் விதிக்கப்படவில்லை. தமக்குள் கடுமையாகப் போட்டியிட்ட நிறுவனங்கள் எடுத்த இந்த முடிவே மிடியின் பரவலுக்கு முதன்மைக் காரணம் எனலாம். 1985இல் வெளிவந்த அடாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்பு முனைகள் உள்ளமைந்தே இருந்ததால், இசையைப் பதிவுசெய்து திருத்தும் பணி கணினித் திரைக்கு நகர்ந்தது.

இந்தச் சிக்கனத்துக்கு விலையும் உண்டு. விசைப்பலகையை மையமாகக் கொண்ட நெறிமுறையில் சுரம் என்பது தனித்தனிப் படியாகவே கருதப்படுகிறது. சுரத்தை வளைக்கும் கட்டளை தடம் முழுவதையும் பாதிப்பதால், ஒரே தடத்தில் ஒலிக்கும் பல சுரங்களுள் ஒன்றுக்கு மட்டும் கமகம் கொடுக்க இயலாது. 1991இல் வகுக்கப்பட்ட பொது மிடிப் பட்டியலின் 128 ஒலிகளுள் சிதாரும் ஷெனாயும் இடம்பெற்றன. வீணைக்கோ நாகசுரத்துக்கோ இடமில்லை. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் வழியை, 2020இல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 தன் நெறிமுறையிலேயே சேர்த்துக்கொண்டது. அதுவும் பழைய கருவிகளோடு ஒத்திசையும் வகையில்தான் வடிவமைக்கப்பட்டது.

ககேஹாஷிக்கும் ஸ்மித்துக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது. 1983இல் வாங்கிய கருவியை இன்றைய கணினியோடு இணைத்து வாசிக்க முடிகிறது என்பது மின்னணுத் துறையில் அரிதான பேறு. தனி உரிமையைப் பொதுநலனுக்காக விட்டுக்கொடுத்த நிறுவனங்களும், எல்லாராலும் வாங்க இயன்ற எளிமையைத் தேர்ந்த பொறியாளர்களுமே அப்பேற்றை இசையுலகுக்கு அளித்தனர்.