டொரண்ட் கிளையன்ட்களின் கதை: வேகம், மெமரி, அப்புறம் பாதுகாப்பு

2005 செப்டம்பர். ஒரே மாதத்தில் இரண்டு டொரண்ட் கிளையன்ட்கள் வெளியாயின. ஒன்று, விண்டோஸுக்காக ஸ்வீடன்காரர் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் எழுதிய மியூடொரண்ட் (நம்ம ஊரில் யூடொரண்ட் என்றுதான் சொல்வோம்). இன்னொன்று, மேக் பக்கம் பிரபலமான டிரான்ஸ்மிஷன். அடுத்த வருடம் மார்ச்சில் பிரான்ஸில் கிறிஸ்டோஃப் டுமே கியூபிட்டொரண்டை ஆரம்பித்தார். இருபது வருடம் ஆகியும் "எதுப்பா பெஸ்ட்?" என்று யாராவது கேட்டால் இந்த மூன்று பெயர்கள்தான் வரிசையாக வருகின்றன. ஆனால் 'பெஸ்ட்' என்பதை எதை வைத்து முடிவு பண்ணினோம் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட முதல் பிட்டொரண்ட் நிரல் பைத்தானில் எழுதப்பட்டது. 2003-இல் ஜாவாவில் அசூரியஸ் வந்தது. வசதிகள் ஏராளம், கூடவே ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் சுமையும் உண்டு. அன்றைக்குப் பல வீட்டுக் கணினிகளில் 256 எம்பி ரேம்தான். அதில் விண்டோஸ் எக்ஸ்பி, ஆன்ட்டிவைரஸ் போக மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நூறு கிலோபைட் சுற்றளவில், இன்ஸ்டால் கூடப் பண்ணத் தேவையில்லாத ஒரே ஒரு கோப்பாக மியூடொரண்ட் வந்து நின்றது. ஒரு ஃபிளாப்பியில் பத்து பிரதி போடலாம். சி++ மொழியில், விண்டோஸின் அடிப்படை ஏபிஐ-களை நேரடியாகப் பயன்படுத்தி எழுதியதால் கிடைத்த சிக்கனம் அது. ஒரு புரோகிராமராக எனக்கு இன்றைக்கும் அதன் மேல் மரியாதை உண்டு.

சரி, வேகம்? இங்கேதான் நிறைய பேர் ஏமாந்தார்கள். பிட்டொரண்டில் வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளையன்ட் இல்லை, நெறிமுறையும் நம் அப்லோடும்தான். நீ எனக்குக் கொடுத்தால் நான் உனக்குக் கொடுப்பேன் என்ற கணக்கு. தனக்கு அதிகம் தருபவர்கள் சிலரைப் பத்து நொடிக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்து அவர்களுக்குத் திருப்பித் தரும். முப்பது நொடிக்கு ஒருமுறை, இதுவரை எதுவும் தராத ஒருவருக்கும் வாய்ப்பு கொடுத்துப் பார்க்கும். இந்த விதி எல்லாக் கிளையன்ட்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் அசூரியஸ், மாலையில் மியூடொரண்ட் என்று ஓட்டிவிட்டு "இதுதான் ஃபாஸ்ட்" என்று எழுதினால், அளந்தது கிளையன்டை அல்ல, அந்தந்த நேரத்தில் ஆன்லைனில் இருந்த ஆட்களை.

விதியையே வளைத்தால் கதை வேறு. 2007-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அசூரியஸை மாற்றி பிட்டைரண்ட் என்ற கிளையன்டை உருவாக்கினார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் பார்த்து அப்லோடைப் பங்கிடும். நிஜ இணையத்தில் சோதித்தபோது இடைநிலை அளவில் 70 சதவீதம் வேகம் கூடியது. எல்லோரும் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணினால் எல்லோருக்கும் நஷ்டம் வரலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

நடைமுறையில் பெரிய வித்தியாசம் கொண்டுவந்தது 2010-இல் மியூடொரண்ட் 2.0-உடன் வந்த யூடிபி. ஏடிஎஸ்எல் இணைப்பில் அப்லோடு பாதை குறுகல். அது நிரம்பினால் மோடத்தில் பாக்கெட்டுகள் வரிசை கட்டி நிற்கும், வீட்டில் வேறு யாரும் ஒரு மெயில் கூடத் திறக்க முடியாது. அதனால்தான் அப்லோடு லிமிட் போடச் சொல்லி அத்தனை டுட்டோரியல்கள். யூடிபி தாமதத்தை அளந்துகொண்டே போகும். வரிசையில் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டுகிறது என்றால் தானாகவே ஒதுங்கி வழிவிடும். அந்த யோசனை பிறகு 2012-இல் ஆர்எஃப்சி 6817 ஆக வெளியானது. வேகமாக ஓடுவதை விட, அடுத்தவருக்கு வழிவிட்டு ஓடுவது கஷ்டமான பொறியியல் என்பது என் கட்சி.

இனி பாதுகாப்பு. என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது இதுதான்.

டொரண்டில் முன்பின் தெரியாத நூறு பேரிடமிருந்து ஒரு கோப்பை வாங்குகிறோம். யாரையும் நம்ப வேண்டியதில்லை. 700 எம்பி லினக்ஸ் சிடி ஒன்றை 256 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்தால் 2,800 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 20 பைட் ஷா-1 முத்திரை. முத்திரை பொருந்தாத துண்டு குப்பைக்குப் போய்விடும். இவ்வளவு சந்தேகப்படும் நெறிமுறையை ஓட்டுகிற மென்பொருளை மட்டும், ஏதோ ஒரு டவுன்லோடு பட்டனை அமுக்கி, எந்தச் சோதனையும் இல்லாமல் உள்ளே விட்டோம்.

2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் தளத்துக்குள் யாரோ புகுந்து 2.90 பதிப்பின் இன்ஸ்டாலரை மாற்றி வைத்தார்கள். உள்ளே கீரேஞ்சர் என்ற ரான்சம்வேர். செல்லுபடியாகும் ஆப்பிள் டெவலப்பர் சான்றிதழோடு வந்ததால் மேக் அதைத் தடுக்கவில்லை. மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, கோப்புகளைப் பூட்டி ஒரு பிட்காயின் கேட்கும். அதே ஆகஸ்டில் 2.92 பதிப்பிலும் வேறொரு தீநிரல், கீட்னாப். இத்தனைக்கும் டிரான்ஸ்மிஷனின் மூல நிரல் திறந்த புத்தகம். நிரலில் கோளாறு இல்லை, அதை வைத்திருந்த இடத்தில்தான்.

மியூடொரண்ட் வேறு வழியில் போனது. 2006 டிசம்பரில் பிட்டொரண்ட் நிறுவனம் வாங்கியது. மூல நிரல் மூடியே இருந்தது. 2012-இல் விளம்பரங்கள். 2015-இல் கூடவே வந்த எபிக் ஸ்கேல் என்ற கிரிப்டோ மைனர் பற்றிப் பெரிய சர்ச்சை. தங்களுக்குத் தெரியாமலே வந்து உட்கார்ந்தது என்றார்கள் பயனர்கள், அனுமதி கேட்டுத்தான் போட்டோம் என்றது நிறுவனம். ஒரு காலத்தில் சிபியுவை மிச்சப்படுத்தியதற்காகவே கொண்டாடப்பட்ட நிரல் இது! பழைய 2.2.1 பதிப்பையே விடாமல் வைத்திருந்தவர்கள் பலர். அவர்களின் கோபம் நியாயம்தான், ஆனால் பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராதே.

2018 தொடக்கத்தில் இரண்டு பேருக்குமே அடி. கூகுள் புராஜெக்ட் ஜீரோவின் டேவிஸ் ஓர்மண்டி, பிரவுசரில் நாம் திறக்கும் ஏதோ ஒரு வலைப்பக்கம் நம் கணினியில் ஓடும் கிளையன்டுக்குக் கட்டளை கொடுக்க முடியும் என்று காட்டினார். முதலில் டிரான்ஸ்மிஷன், அடுத்த மாதம் மியூடொரண்ட். ரிமோட் கண்ட்ரோலுக்காக வைத்த வாசல், பக்கத்திலேயே ஓடும் பிரவுசரை வீட்டு ஆள் என்று நம்பிவிட்டது.

அப்போ கியூபிட்டொரண்ட் சுத்தமா? 2024 அக்டோபரில் 5.0.1 வந்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. 2010 ஏப்ரலிலிருந்து அதன் டவுன்லோடு பகுதி எஸ்எஸ்எல் சான்றிதழ் பிழைகளைக் கண்டுகொள்ளவே இல்லை. தேடல் வசதிக்காக விண்டோஸில் பைத்தான் இன்ஸ்டாலரை இறக்கி ஓட்டுவதும் அதே வழியில்தான். நடுவில் இருப்பவர் நினைத்தால் வேறு எதையாவது மாற்றிக் கொடுத்திருக்கலாம். பதினாலு வருடம், திறந்த மூல நிரலில், எல்லோர் கண் முன்னாலும்.

இத்தனை நாள் நாம் பார்த்துக்கொண்டிருந்தது டாஸ்க் மேனேஜரின் மெமரி எண்ணைத்தான். அதுவும் இப்போது சரியான அளவுகோல் இல்லை. கியூபிட்டொரண்டின் உள்ளே இருக்கும் லிப்டொரண்ட் 2.0, கோப்புகளை மெமரி மேப்பிங் முறையில் கையாள்கிறது. அதனால் இயங்குதளம் கேஷாக வைத்திருக்கும் பக்கங்களும் நிரலின் கணக்கில் ஏறி, ஜிகாபைட் கணக்கில் காட்டலாம். 1.2 கிளையை வைத்த பதிப்பையும் தருகிறார்கள்.

நான் இப்போது வைத்திருப்பது கியூபிட்டொரண்ட். வெப் யூஐ அணைத்து வைத்திருக்கிறேன். தேடல் வசதி போடவில்லை. புதுப் பதிப்பு வரும்போது அவர்கள் தரும் பிஜிபி கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இரண்டு நிமிட வேலை, எப்படி என்று ஸ்கிரீன்ஷாட்டோடு தனியாக எழுதுகிறேன்.