எல்லையில் ஒரு நோயாளி, இரண்டு மாநில மருத்துவமனைகள்: 'ஒருங்கிணைந்த சிகிச்சை' ஆய்வை ஜர்னலுக்கு அனுப்புவது எப்படி?

பாறசாலையில் வீடு, களியக்காவிளையில் கடை வேலை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை. இப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு அவர் பாறசாலை தாலுகா தலைமை மருத்துவமனைக்கோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கோ போவார். வேலை நேரத்தில் உடம்பு முடியலைன்னா தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மருத்துவரைப் பார்ப்பார். ஆள் ஒருவர்தான். ஆனால் சுகாதாரத் துறைகள் இரண்டு, காப்பீட்டுத் திட்டங்கள் இரண்டு, பேச்சு மொழியும் இரண்டு.

1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. தமிழ் பேசும் குடும்பங்கள் இருபுறமும் இருக்கின்றன. இங்கே சிகிச்சை எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று ஆராய்ந்து எழுத நினைக்கும் இளம் மருத்துவரா, செவிலியரா, சமூகப் பணியாளரா நீங்கள்? இந்த விளக்கம் உங்களுக்குத்தான்.

முதலில், 'ஒருங்கிணைந்த சிகிச்சை' அப்படின்னா என்ன?

ஆரம்ப சுகாதார நிலையம், பெரிய மருத்துவமனை, வீட்டுப் பராமரிப்பு, சமூக நலத்துறை எல்லாம் ஒரே நோயாளிக்காகச் சேர்ந்து இயங்குவது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. கேரளம் 2008-ல் வலி நிவாரணப் பராமரிப்புக் கொள்கை கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகள் மூலம் செவிலியர் வீடு தேடி வருகிறார். இரண்டுமே அந்தந்த மாநிலத்துக்குள் நல்ல ஏற்பாடுகள். எல்லையைத் தினமும் கடப்பவருக்கு இவை தொடர்ந்து கிடைக்கிறதா என்பது ஆராய வேண்டிய கேள்வி.

எந்த ஜர்னல்?

2000-ம் ஆண்டிலிருந்து வரும் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் இன்டெக்ரேட்டட் கேர்' இத்துறைக்கென்றே இருப்பது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். முழு ஆய்வுகளோடு, களத்தில் நடக்கும் ஒரு திட்டத்தின் அனுபவத்தை அலசும் கட்டுரைகளுக்கும் அதில் இடம் உண்டு. 'இன்டெக்ரேட்டட்' வேறு, 'இன்டெக்ரேட்டிவ்' வேறு. இரண்டாவது, நவீன மருத்துவத்தோடு ஆயுர்வேதம், சித்தா போன்றவற்றைச் சேர்ப்பது. இதில் குழப்பிக்கொண்டால், நிபுணர்கள் கைக்குப் போகாமலே ஆசிரியர் மேசையிலிருந்து கட்டுரை திரும்பிவிடும்.

அனுமதி எப்போது வாங்கணும்?

முதல் கேள்வியை முதல் நோயாளியிடம் கேட்பதற்கு முன்பே. நெறிமுறைக் குழு அனுமதியை ஆய்வு முடிந்த பிறகு வாங்க முடியாது. அது இல்லாமல் சேகரித்த நேர்காணல்களை எந்த நல்ல ஜர்னலும் ஏற்காது. 2017-ல் ஐசிஎம்ஆர் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களை ஒருமுறையாவது படித்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்தில் குழு இல்லையென்றால், குழு உள்ள மருத்துவக் கல்லூரியிலோ பொது சுகாதார நிறுவனத்திலோ ஓர் ஆசிரியரை ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு மாநில அரசு மருத்துவமனைகளில் தகவல் எடுப்பதாக இருந்தால் இரு பக்கமும் தனித்தனி நிர்வாக அனுமதி வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும்.

சின்ன ஊர் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'இஞ்சிவிளை, 52 வயது ஆட்டோ ஓட்டுநர், டயாலிசிஸ்' என்று எழுதினால், பெயரே போடாவிட்டாலும் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். ஊர், வயது, தொழில் மூன்றையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள்.

எழுதும்போது எதைக் கவனிக்கணும்?

நேர்காணல் ஆய்வு என்றால் 32 அம்சங்கள் கொண்ட 'கோரெக்' பட்டியல், சர்வே என்றால் 'ஸ்ட்ரோப்' பட்டியல். எழுதி முடித்த பிறகு அல்ல, தொடங்கும்போதே இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஷா பணியாளர் யார், தாலுகா மருத்துவமனையில் என்ன கிடைக்கும், மாத்திரைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு பத்தியில் விளக்குங்கள். உங்கள் கட்டுரையை மதிப்பிடுபவர் நெதர்லாந்தில் இருக்கலாம்.

யார் பெயர் போடலாம்?

ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பது. சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு சொல்லும் இந்த நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்ப்பது தவறு. வீடு வீடாக ஏறி இறங்கிய களப்பணியாளருக்கு, வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பே தராமல் நன்றியோடு முடித்துக்கொள்வதும் தவறு.

பணம் கேட்டால்?

இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பல ஜர்னல்கள், ஏற்ற கட்டுரைக்கு ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும். அது மட்டுமே மோசடி ஆகாது. தொகை எவ்வளவு, சலுகை உண்டா என்பதை அனுப்பும் முன்பே பாருங்கள். 'மூன்று நாளில் பிரசுரம்' என்று மின்னஞ்சல் வந்தால் உஷார். யுஜிசி தனது கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், சரிபார்க்கும் வேலை இனி உங்களுடையது. ஆசிரியர் குழு உண்மையா, பழைய இதழ்களின் தரம் என்ன, டிஓஏஜே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அனுப்பிய பிறகு?

ஒரு நேரத்தில் ஒரே ஜர்னல்தான். திருத்தம் கேட்டால் அது நல்ல செய்தி. ஒவ்வொரு கருத்துக்கும் எண் போட்டு, என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கம் என்று பதில் எழுதுங்கள். உடன்படாத இடத்தில் காரணம் சொல்லி மறுக்கலாம். நிராகரித்தாலும், வந்த கருத்துகளை வைத்துத் திருத்திவிட்டு அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள்.

கட்டுரை வெளியாகும்போது அது ஆங்கிலத்தில் இருக்கும். அதன் முடிவுகளை ஒரே பக்கத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, நீங்கள் தகவல் எடுத்த மருத்துவமனைகளுக்கும் ஊராட்சிக்கும் கொடுங்கள். மருந்துச் சீட்டு எல்லையில் எங்கே நின்றுபோகிறது என்பதைச் சரிசெய்யக் கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.