திடலும் தோட்டமும்

மலேசியத் தமிழர் வழக்கில் 'தோட்டம்' என்றதும் நினைவுக்கு வருவது பூந்தோட்டம் அன்று, ரப்பர்த் தோட்டமே. ஆயினும் அந்த ரப்பரும் பேராக்கில் ஒரு பூந்தோட்டத்திலிருந்தே கிளைத்தது. 1877இல் சிங்கப்பூர்வழி வந்த 9 கன்றுகள் கோலகங்சாரில் ஆங்கில ரெசிடெண்டின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பெற்றன. அவற்றுள் ஒன்று இன்றும் நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

அம்மரத்தின் வழிவந்த காடுகளில் களையெடுத்துப் பால் வெட்டியவருள் பெரும்பகுதியினர் தமிழர். லயமும் கம்பெனிக்கு, நிலமும் கம்பெனிக்கு. குடும்பமுடைய தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி, பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஒதுக்கப்பட வேண்டும் என்று பழைய தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் கூறியது எல்லாம் கைக்கு வந்துவிடுவதில்லை!

இந்நிலையில், ஏவுவார் இன்றி அம்மக்கள் பேணிய இடம் ஒன்று இருந்தது. அதுவே லயங்களை அடுத்த விளையாட்டுத் திடல். விடியலில் பெரட்டுக்கு நின்று, நண்பகல்வரை பால் வெட்டிய கைகளே மாலையில் புல் செதுக்கின; மண் சுமந்து பள்ளம் நிரப்பின; சுண்ணாம்பால் எல்லைக்கோடு இட்டன. ஓரங்களில் செம்பருத்தியும் குரோட்டன்சும் நட்டு நீர் ஊற்றியவர் பெண்டிரும் சிறுவரும். பந்தாட்டமும் சடுகுடுவும் அங்கே நிகழ்ந்தன. இவ்வுழைப்பிற்குக் கூலி இல்லை. ஆதலின் செக்ரோலில் இதற்குப் பதிவும் இல்லை. வரலாறு எழுதுவோர் கணக்கேடுகளை மட்டுமே நம்பினால், இத்தொண்டு நிகழவே இல்லை என்று முடிவு கட்ட நேரும்.

ஈப்போ நகரிலோ நிலைமை வேறு. 1895இல் தோன்றிய ஈப்போ கிளப் நகரத் திடலை நோக்கி நிற்கிறது. நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாய் இருந்த அத்தகைய மன்றங்களில் தமிழர் புல் வெட்டியது கூலிக்காக, ஆடியவர் பிறர்.

1942 முதல் 1945 வரை, சப்பானியர் ஆட்சியில், அரிசி அரிதாயிற்று. பூச்செடி நின்ற இடங்களில் மரவள்ளி எழுந்தது. போருக்குப்பின் திடல்கள் மீண்டன. ஆயினும் 1950களில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். துண்டுநிலக் கணக்கில் திடலும் சில ஏக்கர் நிலமே. வேலை இழந்தோர் லயத்தை விட்டபோது, தாம் நிரவிய மண்ணுக்கு உரிமை கோர ஒரு சீட்டும் அவர்களிடம் இல்லை.

நிலமே தமதானாலன்றித் துயர் தீராது என்று கண்டவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் அவர் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் செலுத்தினர். மறு ஆண்டில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. அதன் லயமும் மரமும் திடலும் பங்குதாரர்க்கே உரியவாயின.