கண்டி அரசவையும் அதன் வீழ்ச்சியும்

உருசிய நாட்டில் உரோமனோவ் குலம் 1917 ஆம் ஆண்டில் முடியிழந்த வரலாற்றைக் கற்போர், அவ்வீழ்ச்சியின் வித்துக்களைப் பெட்ரோகிராட் நகர வீதிகளில் மாத்திரமன்றி அரண்மனையின் உள்ளேயும் காண்பர். ஜெர்மனியிற் பிறந்த அரசி போர்க்காலத்தில் அந்நியள் எனத் தூற்றப்பட்டாள். அரசனைச் சூழ்ந்திருந்த பிரபுக்களே முதலில் அவனைக் கைவிட்டனர். இதற்கு நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கையில் மற்றோர் அரசவை ஏறக்குறைய இவ்வண்ணமே குலைந்தது. அதுவே கண்டி நாயக்கர் அரசவையாகும்.

1739 இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறந்தான். மதுரையிலிருந்து வந்த அவன் தேவியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விசய இராசசிங்கன் என்னும் பெயருடன் முடிசூடினான். நாயக்கரைக் கொணர்ந்தவர் எவரும் படையெடுத்து வந்தவரல்லர். சூரிய குலத்துப் பெண்ணே பட்டத்தரசியாதல் வேண்டும் என்ற மரபினால் கண்டி மன்னர் தென்னிந்தியாவிற் பெண் கொண்டனர். அம்மரபின் வழியே அரசுரிமையும் சென்றது. இவர்கள் குலத்தால் வடுகர். பேச்சாலும் பழக்கத்தாலும் பெரிதும் தமிழர். அரியணை ஏறியபின் பௌத்தத்தின் காவலர். இம்மூன்றில் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு, "கடைசித் தமிழ் மன்னன்" என்று பெருமை பேசுவதும், "அந்நியன்" என்று தள்ளுவதும் வரலாற்றுக்குப் பொருந்துவன அல்ல.

அவ்வரசவையின் நடைமுறை மிகக் கடுமையானது. மன்னன் பெரும்பாலும் இரவிலேயே கொலுவீற்றிருப்பான். திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கப்பட, அதிகாரும் திசாவைமாரும் நிலத்தில் வீழ்ந்து வணங்குவர். 1762 இல் சென்னையிலிருந்து தூது வந்த பைபஸ் என்னும் ஆங்கிலேயன், தான் கொணர்ந்த ஓலையை வெள்ளித் தட்டில் வைத்துத் தலைமேல் ஏந்தி, நெடுநேரம் முழந்தாளில் நிற்க நேர்ந்ததை மனக்கசப்புடன் எழுதிவைத்தான். குடிகள் வீட்டுக்கு ஓடு வேய்தலும் சுவருக்கு வெள்ளை தீட்டுதலும் விலக்கப்பட்டிருந்தன. மாளிகைக்கு அணித்தாயிருந்த வீதியொன்றில் அரசனின் மதுரை உறவினர் வாழ்ந்தனர். சிங்களப் பிரதானிகளின் கண்ணில் அவ்வீதி ஒரு முள்ளாகவே உறுத்தியது.

எனினும் இவ்வவையின் சிறந்த பணிகளை மறைத்தல் ஆகாது. கீர்த்திஸ்ரீ இராசசிங்கன் 1753 இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வருவித்து, அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினான். தேவாலயங்களின் விழாவாயிருந்த எசல பெரஹராவில் தந்ததாதுவுக்கு முதலிடம் அளித்தவனும் அவனே. அத்தகையவனை 1760 இல் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் ஆசனத்தின் கீழே குழி வெட்டிக் கொல்லச் சூழ்ந்தனர். திருநீறு அணிதலை அவன் விடவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று! சதி வெளிப்பட்டபின்னும் அவன் சங்கத்தைத் தண்டித்து ஒழித்தானல்லன். சதியிற் சம்பந்தப்பட்ட சரணங்கர தேரருக்குப் பின்னர் முன்னைய மதிப்பு மீண்டது. அவன் தம்பி இராசாதிராசசிங்கன் சிங்களத்தில் காவியம் இயற்றிய புலவன்.

1798 இல் அவன் மகப்பேறின்றி மறைய, முதல் அதிகாராகிய பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனை ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் ஆக்கினான். இளைஞன் தன் கைப்பாவையாய் இருப்பான் என்பது அவன் கணக்கு. கணக்குப் பிழைக்கவே, அடுத்த ஆண்டிலேயே தேசாதிபதி நோத் என்பவருடன் அவிசாவளையில் மந்திராலோசனை தொடங்கினான். தான் முடிசூட்டிய மன்னனையே அகற்றுதற்கு அந்நியர் துணையை நாடிய இச்செயலிலிருந்தே வீழ்ச்சியைக் கணக்கிடல் வேண்டும். 1803 இல் ஆங்கிலப்படை கண்டியைப் பிடித்து முத்துசாமி என்பவனுக்கு முடிசூட்டியது. காய்ச்சலாலும் முற்றுகையாலும் அப்படை அழிந்தது. முத்துசாமி கொலையுண்டான். மலையும் காடும் மழையும் காத்த இராச்சியத்தைப் பீரங்கியால் வெல்ல முடியாது என்பதை ஆங்கிலேயர் அன்று கற்றனர்.

பின்னர் வந்த தேசாதிபதி பிறவுண்றிக், பீரங்கியினும் ஜோன் டொயிலியின் ஒற்றர்களையே பெரிதும் நம்பினார். சிங்களம் நன்கு கற்ற டொயிலி, கண்டிப் பிரதானிகளுடன் ஓலைத் தொடர்பு வைத்து, யார் மனம் எவ்வளவு கசந்திருக்கிறது என்பதைக் கொழும்பிலிருந்தே அறிந்துகொண்டிருந்தார். கசப்புக்கோ குறைவில்லை. பிலிமத்தலாவை 1811 இல் சிரச்சேதம் செய்யப்பட்டான். 1812 இல் முற்றிய கண்டி வாவி வேலைக்காகக் குடிகள் இராசகாரிய ஊழியத்தில் வருத்தப்பட்டனர். இன்று அவ்வாவியின் அழகை வியப்போர் அதனை வெட்டிய கைகளை நினைப்பதில்லை. 1814 இல் அதிகார் எகலப்பொல கிளர்ச்சி செய்து கொழும்புக்கு ஓட, அரசன் அவனுடைய மனைவி மக்களைக் கொல்வித்தான். பாலகரின் கொலைக்கு எந்நியாயமும் இல்லை. அரசனிடம் பரிவு காட்டும் வரலாற்றாசிரியரும் இதனை மழுப்பல் தகாது. ஆயினும் இக்கொடுமையே ஆங்கிலேயரை வரவழைத்தது என்பதை ஏற்றல் அரிது. டொயிலியின் வலை அதற்கு ஆண்டுகள் முன்னரே விரிக்கப்பட்டிருந்தது.

1815 ஜனவரியிற் போர் அறிவிக்கப்பட்டது. அது பெயரளவிற் போரே. பிரதானிகள் வழிவிட, பெப்ரவரி 14 இல் படை கண்டியுட் புகுந்தது. 18 இல், மெதமகாநுவரப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த அரசனை எக்னெலிகொடையின் ஆட்கள் பிடித்துக் கயிற்றால் கட்டினர். தேவியரின் ஆபரணங்களைப் பறித்தனர். மார்ச் 2 இல், இராசாதிராசசிங்கன் காலத்தில் எழுந்த மரத்தூண் மண்டபத்தில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அரசனின் "மலபார்" குலத்தவர் எவரும் இனி இராச்சியத்துக்கு உரியரல்லர் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பிரதானிகளின் குறை குலப்பகையாக எழுத்தேறியது அங்கேதான். அதில் ஒப்பமிட்ட பிரதானிகளுள்ளே தமிழெழுத்தில் ஒப்பமிட்டவரும் உளர் என்பது சிந்திக்கத்தக்கது.

கொழும்புக் கோட்டையில் சிறு காவலறை ஒன்றை அரசன் சிறையிருந்த இடமென்று காட்டுவது வழக்கம். அவன் விசாலமான வீடொன்றிலேயே வைக்கப்பட்டிருந்தான் என்பதே ஆய்வாளர் கருத்து. 1816 ஜனவரி 24 இல் கோண்வாலிஸ் என்னும் கப்பலில் தேவியருடனும் உறவினருடனும் சென்னைக்கு அனுப்பப்பட்டு, வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டு வாழ்ந்து, 1832 ஜனவரி 30 இல் அவன் இறந்தான். 1693 இல் ஒல்லாந்தர் அளித்த சிங்காசனம் இங்கிலாந்துக்குச் சென்று, 1934 இலேயே திரும்பிவந்து, கொழும்பு நூதனசாலையில் இடம்பெற்றது. எகலப்பொலவும் எதிர்பார்த்த முடியைப் பெறவில்லை. அவன் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829 இல் அங்கேயே மாண்டான்.

உடன்படிக்கையின் மை உலர்ந்து மூன்றாண்டு கழியுமுன், 1817 இல், ஊவாவிலே பெருங்கலகம் மூண்டது. அக்கலகத்தார்க்கு ஓர் அரசன் வேண்டியிருந்தது. வில்பாவே என்னும் சிங்களவன் ஒருவன் முன்வந்தான். அவன் தன்னை நாயக்கர் குலத்துத் துரைசாமி என்றே கூறிக்கொண்டான். மக்களும் அப்பெயருக்காகவே அவன்பின் திரண்டனர்.