தேயிலைத் தோட்டச் செய்திகளில் மறைக்கும் மொழி: 1865 முதல் 2024 வரை

இலங்கை மலையகத் தோட்டங்களைப் பற்றிய செய்திகளின் சொற்கள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் அறிக்கைகளிலும் அரசுகளின் உடன்படிக்கைகளிலும் கம்பனிகளின் அறிவிப்புகளிலும் உருவானவை. பத்திரிகைகள் அவற்றை உரசிப் பார்க்காமல் அச்சிட்டபோது தோட்டத்தில் உண்மையில் நடந்தது வாசகருக்கு எட்டாமல் போயிற்று.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற்சட்டம் முன்னறிவிப்போ தக்க காரணமோ இன்றி வேலையை விட்டு விலகுவதைக் குற்றமாக்கியது. தோட்டத்துரைமார் பக்கம் நின்ற கொழும்பின் ஆங்கில ஏடுகளில் அப்படி விலகியவர் 'ஓடிப்போன கூலி'. அவரைக் கடனில் கட்டிவைத்த துண்டு முறை (கடன் தொகையைக் குறித்த சீட்டோடுதான் வேறு தோட்டத்துக்கு மாறலாம் என்ற முறை) ஒரு நிர்வாக ஏற்பாடாகவே எழுதப்பட்டது. அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. தொழிலாளர் பக்கமிருந்து இதே விடயங்களை எழுதிய முன்னோடி கோ. நடேசய்யர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்னும் அவருடைய ஏடுகள் கடனைக் கடன் என்றும் அடியை அடி என்றும் எழுதின.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பின்னர். அந்த மக்களின் தலைவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது செய்தியில் 'தாயகம் திரும்புதல்' ஆயிற்று. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பிறந்து வளர்ந்து, இந்தியாவை ஒருநாளும் காணாதவர் எங்கே திரும்புவது? அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். நடந்ததைச் சரியாகச் சொன்ன பெயர் அதுதான். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களிலும் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்' என்றே இடம்பெற்றனர்.

பிற்காலத்தில் மறைப்பு சம்பளக் கணக்குக்கு இடம்பெயர்ந்தது. தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 ஒக்டோபர் கூட்டு ஒப்பந்தத்தை ஊடகங்கள் '730 ரூபா நாட்சம்பளம்' என்று அறிவித்தன. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. 60 ரூபா வருகைக்கும், 140 ரூபா உற்பத்தித்திறனுக்கும், 30 ரூபா தேயிலை விலைப் பங்குக்கும் உரியவை. நிர்ணயித்த அளவு கொழுந்து கொய்யாதவருக்கும் போதிய நாள் வேலைக்கு வராதவருக்கும் அந்த 730 கிடைக்காது. ஊழியர் சேமலாப நிதியும் அடிப்படைச் சம்பளத்தையே பார்த்தது.

2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனதும் '40 சதவீத உயர்வு' என்ற செய்தி பரவியது. கணக்கு பிழையில்லை, சேமலாப நிதிக்கும் அதனால் நன்மை உண்டு. ஆனால் வருகைக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் அதே ஒப்பந்தத்தில் நீக்கப்பட்டன. விலைப் பங்கு 50 ரூபாவோடு மொத்தம் 750. முன்பு எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றி 730 பெற்ற பெண்ணுக்குக் கூடியது 20 ரூபா. இதையும் சேர்த்துச் சொல்லாத தலைப்பு அவரை ஏமாற்றிய தலைப்பே.

2021இல் சம்பளச் சபையினூடாக வந்த 'ஆயிரம் ரூபா'வும் 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படியும் சேர்ந்ததுதான். அதன் பிறகு பல தோட்டங்களில் கொய்ய வேண்டிய கிலோ அளவு கூட்டப்பட்டு, குறைந்தால் 'அரைப்பேர்' (அரைநாட் சம்பளம்) போடப்பட்டது. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் முழுப்பேர் விழுந்ததா என்பதே தொழிலாளியின் கேள்வி. செய்திகள் அதைக் கேட்கவில்லை. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அறிவிக்கப்பட்ட 1,700 ரூபாவும் 1,350 ரூபா அடிப்படையும் 350 ரூபா உற்பத்திக் கொடுப்பனவும் கொண்டது. உயர் நீதிமன்ற இடைக்காலத் தடைக்குப் பின், அவ்வாண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாவே அடிப்படைச் சம்பளமாக வர்த்தமானியில் வந்தது.