திருகோணமலை என்னும் பெயர் தாங்கிய மரக்கலம்

கூரையை மடித்துத் திறக்கும் பழைய மோட்டார் வண்டி ஒன்று விற்பனைக்கு வருகின்றது எனக் கொள்வோம். பல ஆண்டுகள் கொட்டிலிற் கிடந்தமையால் அதன் துணிக்கூரை கிழிந்துள்ளது. சக்கரங்கள் காற்றிழந்து தரையிற் படிந்துள்ளன. அக்காலத்து வண்டிகள் பலவற்றின் உடல் மரச்சட்டத்தின் மேல் தகடு பொதிந்து ஆக்கப்பட்டதாகும். ஆதலின் புறத்தே தகடு பளபளத்தாலும் அகத்தே மரம் உளுத்திருத்தல் கூடும். இவ்வண்டியைக் காண வருவோர் இரு திறத்தினராவர். ஒரு திறத்தார் இரும்பின் எடையை மனத்திற் கணக்கிட்டு விலை கூறுவர். மற்றத் திறத்தார் கிழிந்த கூரையைப் பாரார். அது ஓடிய காலத்தில் எங்ஙனம் இருந்ததோ அங்ஙனமே அதனைக் காண்பர். வண்டி உலையிற் சேர்வதும் மீண்டும் வீதியில் ஓடுவதும் இவ்விரு திறத்தாருள் எவர் முந்துகின்றார் என்பதைப் பொறுத்தனவாகும்.

இலங்கையில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1940 ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படையின் இளம் அதிகாரியாக இத்தீவிற் பணியாற்றியவர் பிலிப். பிற்காலத்தில் இரண்டாம் எலிசபெத் அரசியாருக்குக் கணவரானவர். அவர் இங்கே வாங்கி ஓட்டிய 1935 ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் வண்டி, பழைய வண்டியாகவே கைம்மாறியது. இரும்புக்கடையை அடையாமல் தப்பி, கொழும்புக் காலிமுகத்திடல் ஹோட்டலிலே காட்சிப் பொருளாயிற்று.

வண்டியினும் பன்மடங்கு பெரியதொரு பொருளும் இவ்வாறே விலைக்குப் போய்ப் பிழைத்தது. அது பாய்மரப் போர்க்கப்பல். அதன் பெயர் திருகோணமலை. ஆங்கிலேயர் நாவிலே அது 'டிரிங்கோமலி' ஆயிற்று.

ஒரு போர்க்கப்பலுக்கு இத்துறைமுகத்தின் பெயர் இடப்பட்டமை வியப்பன்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசுங் காலத்திலே சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்குவதற்குத் தக்க துறை இல்லை. சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்பவை புயலுக்கு அஞ்சி மேலைக்கரையிலுள்ள பம்பாய்க்கு ஓடவேண்டியிருந்தது. திருகோணமலையைக் கைக்கொண்டவரோ வங்கக்கடலை விட்டு நீங்காமலே தங்கலாம். அதனாலன்றோ 1782 ஆம் ஆண்டிலே, ஒரே ஆண்டினுள், அத்துறை இருமுறை கைம்மாறியது! சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதனைப் பறித்தனர். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து அதனைப் பறித்தார். பின்னர் 1795 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் கையில் மீண்டும் விழுந்த துறை, 1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும்வரை அவர்தம் கடற்படைக்கே உரியதாயிருந்தது.

கப்பலைக் கட்டுமாறு 1812 ஒக்டோபரிலே கட்டளை பிறந்தது. நெப்போலியனோடு நிகழ்ந்த நெடும்போரில் இங்கிலாந்தின் ஓக்கு மரம் அருகிவிட்டது. ஆகவே தேக்கு நிறைந்த பம்பாய்க்கு அவ்வேலை சென்றது. வரைபடங்களை ஏற்றிக்கொண்டு 'ஜாவா' என்னும் போர்க்கப்பல் புறப்பட்டது. அது பம்பாயை அடையவில்லை. 1812 டிசம்பர் 29 ஆம் நாள் பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பால், அமெரிக்கரின் 'கொன்ஸ்ரிரியூஷன்' என்னும் கப்பல் அதனைத் தாக்கி வென்றது. வரைபடங்களை மறுபடியும் எழுதி அனுப்ப நேர்ந்தது. இதிலொரு விந்தை உண்டு. நீரில் மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களுள் உலகில் மிகப் பழையது அந்தக் 'கொன்ஸ்ரிரியூஷன்'. அதற்கு அடுத்தது அன்று வரைபடத்தை இழந்த 'திருகோணமலை'.

பம்பாயிற் கப்பல் கட்டியோர் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார். 1736 ஆம் ஆண்டிலே சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜியின் வழிவந்தோர் அவர்கள். அக்குடும்பத்து ஜம்சேத்ஜி பொமன்ஜி கட்டிய 'கோர்ன்வாலிஸ்' என்னும் கப்பலிலேதான், 1842 ஆம் ஆண்டிலே சீனப் பேரரசு நான்கிங் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது. ஐரோப்பியரின் ஆணைக்குக் கீழே இந்தியத் தச்சர் கைகள் ஆக்கியவற்றை வரலாற்று நூல்கள் ஆங்கிலக் கப்பல்கள் என்றே எழுதிச் செல்கின்றன. அக்கைகளைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவன சிலவே. 1816 ஆம் ஆண்டிலே 'திருகோணமலை'க்கு அடிமரம் இடப்பட்டபோது பார்சியர் வழக்கப்படி அதில் வெள்ளி ஆணி ஒன்று அறையப்பட்டது. 1817 ஒக்டோபர் 12 ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. அதற்குச் சென்ற செலவு ஏறத்தாழ 23,000 பவுண்.

தேக்கின் இயல்பை இங்கே கருதவேண்டும். ஓக்கு மரத்திலுள்ள துவர்ப்புச் சாரம் இரும்பாணியை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெயோ ஆணியைக் காக்கும். புழு பூச்சிகளையும் எளிதில் அண்டவிடாது. மலபார்க் காடுகளில் வளர்ந்த அம்மரமே பின்வந்த அத்தனை அலட்சியங்களுக்கும் ஈடுகொடுத்து நின்றது.

அலட்சியம் தொடக்கத்திலேயே நேர்ந்தது. 1819 ஆம் ஆண்டிலே கப்பல் போர்ட்ஸ்மவுத்தை அடைந்தபோது போர் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. 46 பீரங்கிகளுக்கென அமைந்த கப்பலுக்கு வேலை இல்லை. மேலே கூரை வேயப்பட்டு, கொட்டிலில் நிறுத்திய வண்டிபோல, கால் நூற்றாண்டுக்கு மேலாக அது துறையிற் கிடந்தது. பின்னர் 26 பீரங்கிக் கப்பலாக மாற்றப்பட்டு, 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசிபிக் மாகடலிலும் உலவியது. அதற்குள் நீராவிக் காலம் வந்துவிட்டது. பயிற்சிக் கப்பலாகச் சண்டர்லாந்திலும், 1862 முதல் 1877 வரை மேற்கு ஹார்ட்டில்பூலிலும், அதன்பின் சவுதாம்ப்டனிலும் நின்றது.

1897 மே மாதம் கடற்படை அதனை விற்றது. வாங்கியவர் போர்ட்ஸ்மவுத்திலே பழங்கப்பல்களை உடைக்கும் வணிகர். எடையைக் கணக்கிடுவோரே இம்முறையும் முந்திக்கொண்டனர்.

இரண்டாந் திறத்தாரைச் சேர்ந்தவர் ஒருவர் வந்து சேர்ந்ததற்கு ஒரு பேரிழப்பே காரணமாயிற்று. ஜெப்ரி வீட்லி கொப் என்னும் செல்வர், நெல்சன் தளபதி கொடியேற்றிய 'பூட்ரோயன்ட்' என்னும் கப்பலை 1892 ஆம் ஆண்டிலே உடைப்போரிடமிருந்து மீட்டு, ஏறத்தாழ 20,000 பவுண் செலவிட்டுப் புதுக்கினார். செலவை ஈடுசெய்யும் பொருட்டு அதனைக் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுசென்று மக்களுக்குக் காட்ட எண்ணினார். 1897 சூன் 16 ஆம் நாள் பிளாக்பூல் நகரை அடுத்து எழுந்த புயலில் அது கரையொதுங்கிச் சிதைந்தது. உடைந்த மரம் நாற்காலியும் மேசையுமாயிற்று. கொப் மனந்தளரவில்லை. அவ்வாண்டிலே விலைபோயிருந்த 'திருகோணமலை'யை வணிகரிடமிருந்து வாங்கினார். இழந்த கப்பலின் நினைவாக அதற்குப் 'பூட்ரோயன்ட்' என்னும் பெயரையே சூட்டினார்.

கப்பல் உயிர்தப்பியது, பெயர் தப்பவில்லை. பிறிதொன்றை இழந்தவரின் துயருக்கு இத்துறைமுகத்தின் பெயர் விலையாயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இளைஞர்கள் அக்கப்பலிலே கடற்பயிற்சி பெற்றனர். பல்மவுத், மில்போர்ட் ஹேவன், 1932 முதல் போர்ட்ஸ்மவுத் என இடம் மாறிற்று. பம்பாயிற் பிறந்து திருகோணமலை எனப் பெயர் பெற்ற கப்பல் தம் காலின்கீழ் இருந்ததை அவர்களுள் எத்தனை பேர் நினைத்திருப்பர்?

1986 ஆம் ஆண்டிலே பயிற்சி நின்றது. மறு ஆண்டிலே ஒரு தட்டையான பெருந்தெப்பத்தில் ஏற்றப்பட்டு, தான் முன்பு நின்ற ஹார்ட்டில்பூலுக்கே கப்பல் வந்தது. 'வாரியர்' என்னும் இரும்புக் கப்பலைப் புதுக்கி முடித்த கம்மியர் அங்கே இருந்தனர். கப்பல் கட்டுந் தொழில் மடிந்த ஊரில் அக்கைத்திறன் மடியாதிருந்தது. 1992 ஆம் ஆண்டிலே பழைய பெயர் மீண்டது. 2001 ஆம் ஆண்டிலே வேலை நிறைவெய்தியது. அதற்கான செலவு ஏறத்தாழ ஒரு கோடியே ஐந்து லட்சம் பவுண். உளுத்தவற்றை மட்டும் நீக்கி, உரமுள்ளவற்றை அவ்வவ்விடத்திலேயே நிறுத்தினர். நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேலாகப் பழைய மரமே இன்றும் உள்ளது. பழைய வண்டியைப் புதுக்குவோருள் ஒருசாரார், எளிதென்று கருதி, நல்ல உறுப்பையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவர். ஓடும் வண்டி கிடைக்கும். பழைய வண்டி கிடைக்காது.

பெயர் தந்த துறைமுகத்திலோ நிகழ்ந்தது வேறு. பிலிப் இலங்கையை விட்டு நீங்கியபின் பணியாற்றிய 'வலியன்ட்' என்னும் பெரும்போர்க்கப்பல், 1944 ஓகஸ்ட் 8 ஆம் நாள் திருகோணமலையில் மிதக்குந் துறையொன்றிலே பழுதுபார்க்க ஏற்றப்பட்டிருந்தது. பாரந் தாங்காது அத்துறை உடைந்து அமிழ்ந்தது. பம்பாயிற் கட்டப்பட்ட துறையே அதுவும். பெருஞ்சேதமடைந்த 'வலியன்ட்' தப்பியும், 1948 ஆம் ஆண்டிலே உடைப்போருக்கே விற்கப்பட்டது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானியர் குண்டுவீச்சில் எரிந்த 'சகாயிங்' என்னும் சரக்குக் கப்பலுக்கோ வாங்குவோரே வாய்க்கவில்லை. அதனை உட்துறைமுகத்திலே அமிழ்த்தி, இறங்குதுறையாகப் பயன்படுத்தினர்.

2017 ஒக்டோபர் 12 ஆம் நாள் ஹார்ட்டில்பூலிலே 'திருகோணமலை' நீரில் மிதந்தவாறே இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. அதற்கு அடுத்த ஆண்டு, திருகோணமலையிலே, இலங்கைக் கடற்படையினர் 'சகாயிங்' கப்பலை எழுபத்தைந்து ஆண்டுச் சேற்றிலிருந்து மிதக்கச் செய்து, துறைமுகத்துக்கு வெளியே இழுத்துச் சென்று, ஆழ்கடலில் மீண்டும் அமிழ்த்தினர்.