புது பீட்டா வந்திருக்கா? `தாடிக்கொம்பு'ன்னு டைப் பண்ணிப் பாருங்க!

ஜூன் மாசம் வந்தாலே யூடியூப்ல ஒரு சீசன் ஆரம்பிச்சிடும். ஆப்பிள் தன்னோட டெவலப்பர் மாநாட்டில் அடுத்த ஐ.ஓ.எஸ்-ஐ அறிவிக்கும். அன்னைக்கே அதன் முதல் பீட்டாவும் வந்துடும். ஆண்ட்ராய்டு பீட்டா அதுக்கு முன்னாடியே ஓடிக்கிட்டிருக்கும். `இப்பவே உங்க போன்ல போடுங்க' என்று வீடியோக்கள் வரிசை கட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட் தம்பியோட போன்ல லாக் ஸ்கிரீன் வேற மாதிரி தெரிஞ்சா, நமக்கும் கை அரிக்கத்தான் செய்யும்.

போடலாமா, வேண்டாமாங்கிறதுக்கு முன்னாடி, பீட்டான்னா என்னன்னு பார்த்துடலாம்.

ஒரு மென்பொருளை நிறுவனத்துக்குள்ளேயே வைத்து சோதிக்கும் கட்டத்துக்கு ஆல்ஃபா என்று பெயர். `ஓரளவு ஓடுது, இனி வெளியாட்கள் பார்க்கட்டும்' என்று திறந்துவிடுவது பீட்டா. அப்படி ஒரு காலத்தில் டெவலப்பர்களுக்கு மட்டும்தான் கிடைச்சுது. 2015-ல் ஐ.ஓ.எஸ் 8.3-ல் இருந்து ஆப்பிள் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. 2023-ல் இருந்து டெவலப்பர் பீட்டாவுக்கே காசு கட்ட வேண்டாம் என்றாகிவிட்டது. ஆக, தடுப்பு எதுவும் இல்லை, ஒரு பட்டன்தான். (ஜிமெயில் 2004-ல் இருந்து 2009 வரைக்கும் அஞ்சு வருஷம் பீட்டா பட்டையோடவே ஓடுச்சு. அதனால அந்த வார்த்தைக்கு இருந்த பயமே நமக்குப் போயிடுச்சோ என்னவோ!)

பக் வேற... `இன்னும் வரலை' வேற!

பீட்டாவில் ரெண்டு வகைச் சிக்கல் இருக்கும். நம்ம ஆட்கள் ரெண்டையும் `பக்'னு ஒரே வார்த்தையில் சொல்லிடுறாங்க. கேமரா திறந்தா ஆப் மூடிக்கிது என்றால் அது பக்: வேலை செய்ய வேண்டியது தப்பா செய்யுது. பட்டனே இல்லை என்றால், அது இன்னும் கட்டி முடிக்கப்படாத வசதி. கட்டுற வீட்டில் குழாய் ஒழுகுறது ஒண்ணு, குழாயே இன்னும் மாட்டாம இருக்கிறது இன்னொண்ணு.

வாட்ஸ்அப்தான் இதுக்கு நல்ல உதாரணம். 2015 ஜனவரியில் வாட்ஸ்அப் வெப் வந்தப்போ கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் மட்டும்தான் திறந்தது. ஐபோன்காரர்களுக்கு அந்த வசதியே இல்லை. ஆகஸ்ட் வரைக்கும் காத்திருந்தாங்க. போனில் நெட் இல்லைன்னா கம்ப்யூட்டரிலும் படுத்துக்கும். 2021 ஜூலையில் போன் ஆஃப் ஆனாலும் கம்ப்யூட்டரில் ஓடும் புது முறை பீட்டாவாக வந்தது. ஆனா, சாட்டை மேலே பின் பண்ணுறது, லைவ் லொகேஷன் பார்க்கிறது மாதிரி சில வசதிகள் கம்ப்யூட்டர் பக்கத்தில் அப்போ இல்லை. இல்லைன்னு அவங்களே பட்டியல் போட்டுச் சொன்னாங்க.

ஒரே ஆப், ஒரே கணக்கு, ஆனா ஆண்ட்ராய்டில் ஒண்ணு, ஐபோனில் ஒண்ணு, விண்டோஸில் ஒண்ணு என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியா எழுதுறாங்க, தனித்தனி வேகத்தில் முடிக்கிறாங்க. இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே பீட்டா எண் உங்க போன்லயும் நண்பர் போன்லயும் இருக்கும். புது வசதி அவருக்கு மட்டும் தெரியும். அதைத் திறக்கிற சுவிட்ச் நிறுவனத்தோட சர்வரில் இருக்கு. சிலருக்கு மட்டும் திறந்துவிட்டுப் பார்ப்பாங்க. நீங்க ஆப்பை அழிச்சு அழிச்சுப் போட்டாலும் அது வராது.

பீட்டாவோட கூடவே `ரிலீஸ் நோட்ஸ்' என்று ஒரு குறிப்பு வரும். அதில் `தெரிந்த சிக்கல்கள்' பகுதியைப் படிக்காம இன்ஸ்டால் பட்டனைத் தொடாதீங்க. பத்து நிமிஷ வீடியோ சொல்லாததை அந்த அரைப் பக்கம் சொல்லிடும்.

இருக்கிறது ஒரே ஒரு போன்தானா?

பீட்டா போடுறவங்களுக்கு எல்லா நிறுவனமும் சொல்ற முதல் அறிவுரை, `தினமும் பயன்படுத்தாத இன்னொரு கருவியில் போடுங்க' என்பதுதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. திண்டுக்கல் பக்கம் எத்தனை வீட்டில் உபரியா ஒரு போன் கிடக்கு? தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில்ல எள் போட இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் பூ வாங்கிட்டு ஸ்கேன் பண்ணும்போது, பேமென்ட் ஆப் திறக்க மறுத்தா என்ன பண்ணுவீங்க? பேங்க் ஆப்கள் போனில் இருக்கும் சிஸ்டம் நம்பகமானதான்னு சோதிக்கும். பீட்டாவில் அந்தச் சோதனையில் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். ஓ.டி.பி, ஹால் டிக்கெட், ஆதார், அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அந்த ஒரே போன்லதான். என்னைக் கேட்டா, ஒற்றை போன்காரர்கள் சிஸ்டம் பீட்டா பக்கமே போக வேண்டாம். ஒரு ஆப்போட பீட்டா மட்டும் வேணா போட்டுப் பார்க்கலாம். பிடிக்கலைன்னா பெரும்பாலும் அந்த ஆப்பை மட்டும் பழையபடி மாற்றினால் போதும். அதிலும் மெசேஜ் ஆப்னா முதல்ல பேக்கப்.

சிஸ்டம் பீட்டாவில் உள்ளே போறது சுலபம். வெளியே வர்றதுதான் கஷ்டம். பிக்ஸல் போனில் பீட்டா ஓடிக்கிட்டிருக்கும்போதே பாதியில் விலகினால் போன் முழுக்க அழிக்கப்படும். இறுதிப் பதிப்பு வரும் வரை பொறுத்திருந்து விலகினால் அழியாது. ஐபோனில் பழைய பதிப்புக்குத் திரும்ப கம்ப்யூட்டர் வேணும். பீட்டாவில் இருந்தபோது எடுத்த பேக்கப்பைப் பழைய ஐ.ஓ.எஸ் ஏற்காது. அதனால பேக்கப்பை பீட்டா போடுறதுக்கு முன்னாடி எடுத்துத் தனியா வைக்கணும். ஆப்பிள் வாட்ச்சா? போட்டா போட்டதுதான்.

`ஆயிரக்கணக்கானவங்க டெஸ்ட் பண்றாங்களே, என்ன ஆகிடப்போகுது'ன்னு நினைச்சா, 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டை நினைச்சுக்கோங்க. அது பீட்டாகூட இல்லை, இறுதிப் பதிப்பு. சிலரோட டாக்குமென்ட், போட்டோ ஃபோல்டர்களையே அழிச்சுது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வெச்சது. நவம்பர் 13-ல்தான் மறுபடி வந்தது. கொடுமை என்னன்னா, சோதனைக் கட்டத்திலேயே சிலர் இதைப் புகாரா எழுதியிருந்தாங்க. அதிக ஓட்டு விழாததால் அந்தப் புகார்கள் அடியில் கிடந்தன. அதுக்கப்புறம்தான், `எவ்வளவு தீவிரமான பிரச்னை'ன்னு குறிப்பிடும் இடத்தைப் புகார்ப் படிவத்தில் சேர்த்தாங்க.

சரி, தமிழுக்கு என்ன?

எண்ணிக்கையில் குறைஞ்சவங்க புகார் அடியில் போயிடும் என்பதுதான் நம்ம மொழிக்கும் சிக்கல். 2007-ல் விற்பனைக்கு வந்த ஐபோனில் தமிழ்க் கீபோர்டு 2013-ல், ஐ.ஓ.எஸ் 7-உடன்தான் உள்ளேயே வந்தது. அதுவரைக்கும் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் மாதிரியான ஆப்கள்தான் கைகொடுத்தன. பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமா தெரிஞ்ச காலத்தில், ஆப்பரா மினி பிரவுசரில் ஒரு செட்டிங்கை மாத்தி, எழுத்துகளைப் படமா வரவெச்சுப் படிச்ச கதையை உங்க அண்ணன், அக்காக்களைக் கேளுங்க.

2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து மெசேஜில் வந்தால் ஐபோன் ஆப்கள் சுருண்டு விழுந்தன. ஐ.ஓ.எஸ் 11.2.6-ல் சரிசெய்தாங்க. வேடிக்கை என்னன்னா, அப்போ சோதனையில் இருந்த 11.3 பீட்டாவில் அந்தச் சிக்கல் ஏற்கெனவே இல்லை!

நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கோங்க: தாடிக்கொம்பு. நாம எண்ணினா 6 எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு. தா என்பது த-வும் கால் குறியும். க் என்பது க-வும் புள்ளியும். இப்படி ஆறு எழுத்தும் ரெண்டு ரெண்டா சேமிக்கப்படுது. இதில் கில்லாடி `கொ'. மெமரியில் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. திரையில் வரையும்போது கொம்பு க-வுக்கு முன்னாடியும் கால் பின்னாடியும் போகணும். மென்பொருள் இந்த இடமாற்றத்தைச் செய்யலைன்னா, கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோட தனியா அந்தரத்தில் தொங்கும். ஊர்ப் பெயரிலேயே கொம்பு இருக்கிறதால இதைவிட நல்ல டெஸ்ட் சொல் கிடைக்காது!

புது பீட்டாவோ புது கீபோர்டோ போட்டா, இந்தச் சொல்லை டைப் பண்ணிட்டு பேக்ஸ்பேஸ் ஒரு தடவை தட்டுங்க. முழு `பு' போகுதா, உகரம் மட்டும் போய் `ப' நிற்குதா? ரெண்டுமே வடிவமைப்பு முடிவுதான். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். தப்பா அடிச்ச குறியை மட்டும் திருத்தலாம். ஆனா ஒரு இடத்தில் அப்படி, இன்னொரு இடத்தில் இப்படின்னு நடந்தா எழுதிப் போடுங்க.

அடுத்து, `தாடிக்கொம்பு மாமா'ன்னு கான்டாக்ட்டில் சேமிச்சுட்டுத் தேடிப் பாருங்க. கொ-வில் இருக்கும் ஒகரத்தை ஒரே குறியீடாவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாவும் சேமிக்கலாம். பார்க்க ஒண்ணுதான். ரெண்டும் சமம்னுதான் யூனிகோடு விதி சொல்லுது. அதைச் சமப்படுத்திப் பார்க்காத தேடல், மாமா இருந்தும் இல்லைன்னு சொல்லும். (`கௌரி'யை ள போட்டு `கெளரி'ன்னு சேமிச்சுட்டுத் தேடினா கிடைக்காது. அது மென்பொருள் தப்பில்லை, நம்ம தப்பு!)

மூணாவதா, போன் மொழியைத் தமிழுக்கு மாத்தி, எழுத்தைப் பெருசாக்கி, நோட்டிஃபிகேஷனைப் பாருங்க. பட்டன் எல்லாம் ஆங்கில வார்த்தை அளவுக்கு வெட்டினது. தமிழ் வார்த்தை நீளம். பாதி வார்த்தையில் மூணு புள்ளி வைத்துவிட்டால் எதை அமுக்குறோம்னே தெரியாது. கு, பு-வோட அடிப்பகுதி வெட்டுப்படுதான்னும் பாருங்க.

தப்பு கிடைச்சா ஸ்டேட்டஸ் போடுறதோட நிறுத்தாதீங்க. ஐபோன் பீட்டாவில் ஃபீட்பேக் ஆப் கூடவே வரும். பிக்ஸலிலும் அதுக்குத் தனி ஆப் இருக்கு. `தமிழ் சரியா வரலை'ன்னு ஒரு வரி போட்டா, தமிழ் தெரியாத என்ஜினீயர் அதை வெச்சு என்ன பண்ணுவார்? போன் மாடல், பில்ட் எண், எந்தக் கீபோர்டு, என்ன டைப் பண்ணீங்க, என்ன வந்தது, என்ன வந்திருக்கணும்னு அஞ்சாறு வரி எளிய ஆங்கிலத்தில் எழுதி, சரியா தெரியுற இன்னொரு போனோட ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் வைங்க. அனுப்புறதுக்கு முன்னாடி படத்தோட மேல் ஓரத்தை ஒருமுறை பாருங்க. பேங்க் மெசேஜும் ஓ.டி.பி-யும் பெரும்பாலும் அங்கேதான் எட்டிப் பார்க்கும்.